எங்கள் தெரு முந்திக்கொண்டது பற்றிய விளக்கம்

1

கதை எழுதலாம் என்று நான் உட்காரவில்லை. எழுத உட்கார்ந்தது ஒரு விளக்கக் கடிதம். அதுவும் என்னுடையது அல்ல, அக்காவுடையது.

அக்கா மாநகராட்சியின் பொது இணையப் பிரிவில் பொறியாளர். போன வெள்ளிக்கிழமை ஆபீஸிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் என் மேஜைமேல் ஒரு தாளை வைத்தாள். அவளுடைய தலைமைப் பொறியாளர் கையெழுத்துப் போட்ட மெமோ. 'இணைய முகவரி மாற்றப் பட்டியலில் முப்பத்தொன்றாவதாக இருந்த தெரு நான்காவது இடத்துக்கு வந்தது எப்படி? அது தாங்கள் குடியிருக்கும் தெரு என்பது உண்மையா? திங்கள் காலைக்குள் எழுத்துமூலம் விளக்கவும்.'

"நீதான் கதை எழுதுறவளாச்சே. ஒரு பக்கத்துக்கு எழுதிக் குடுடி."

"உண்மையாவா, பொய்யாவா?"

"ரெண்டும் வேணாம். விளக்கமா."

முதல் முயற்சி:

மதிப்பிற்குரிய ஐயா, மேற்படி தெருவில் உள்ள கருவிகள் புதுவகையைச் சேர்ந்தவை என்பதால், சோதனை நோக்கில்

[பொய். எல்லாத் தெருவிலும் ஒரே கருவிதான். கைவிட்டேன்.]

இரண்டாவது முயற்சி:

ஐயா, எங்கள் மாடியில் குடியிருக்கும் தையல்காரம்மாவின் வலது கண்ணில்

[இது கடிதம் இல்லை, கதை. கைவிட மனம் வரவில்லை.]

ஆகவே, வாசகரே, நீங்கள் இங்கே வந்து மாட்டிக்கொண்டீர்கள்.

2

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், ஒரே பத்திதான்.

இணையத்தில் நுழைய ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் வேண்டும். அதுதான் முகவரி. இப்போது புழங்குவது நான்காம் பதிப்பு எண்கள். அவை எப்போதோ தீர்ந்துவிட்டன. அதனால் மாநகராட்சி ஒரு தெரு முழுவதையும் ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருந்தது. எங்கள் தெருவில் நாற்பத்திரண்டு வீடுகள். வெளியிலிருந்து பார்க்கும் இணையதளங்களுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே ஆள். அந்த ஆள் ஒரே நிமிஷத்தில் சீரியல் பார்ப்பார், பரீட்சை எழுதுவார், வேலைக்கு மனுப் போடுவார், கொசுவலைக்கு விலை விசாரிப்பார். பைத்தியம் என்றுதானே நினைப்பார்கள்? ஆறாம் பதிப்பு வந்தால் இந்தத் தொல்லை இல்லை. வீட்டுக்கு ஒரு முகவரி என்ன, அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் கடுகு ஒவ்வொன்றுக்கும் கொடுத்தாலும் மிச்சமிருக்கும். நகரம் முழுவதையும் வேலை நாளுக்கு ஒரு தெருவாக மாற்றுவது என்று முடிவாயிற்று. எந்தத் தெரு முதலில் என்பதைச் சண்டை வராமல் இருக்கச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். எங்களுக்கு விழுந்தது முப்பத்தொன்று.*

* நான்குக்கும் ஆறுக்கும் நடுவில் ஐந்து எங்கே என்று கேட்டேன். "அது சோதனையிலயே நின்னுபோச்சு. வெளிய வரவே இல்ல," என்றாள் அக்கா. முழுமையடையாத எழுத்தின் மேல் எனக்கு எப்போதும் பரிவு உண்டு. அந்த ஐந்துக்கு மரியாதையாக, இந்தக் கதையிலும் ஐந்தாம் பகுதி கிடையாது.

3

தையல்காரம்மாவை நீங்கள் நம்புவீர்களா என்பது எனக்குச் சந்தேகம்தான். தைக்கிறவருக்கே கண் கெடுவதென்றால், கதாசிரியை வசதிக்காகச் செய்ததுபோல் இருக்கிறது. அவரை ஒரு டீச்சராக மாற்றிப் பார்த்தேன். நடக்கவில்லை. மேல்மாடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும்போது எந்த டீச்சரை நான் கற்பனை செய்ய?

நான் எப்போது பெருத்தேன், எப்போது இளைத்தேன் என்பது எனக்கே நினைவில்லை. அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் ஒருநாள் என் சட்டைக்குக் கையை உள்ளும் புறமும் மாற்றித் தைத்துக் கொடுத்தார். சிரித்துக்கொண்டே திருப்பி எடுத்துப் போனேன். அவர் சிரிக்கவில்லை.

"கோடெல்லாம் வளைஞ்சு தெரியுதும்மா. நேராத்தான் ஓட்டறேன். ஓட்டினப்புறம் பாத்தா பாம்பு மாதிரி போகுது."

பக்கத்து டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு வாரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரியில் கண் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்றார். தாமதித்தால் போன பார்வை திரும்பாதாம். பெரிய ஆஸ்பத்திரியிலோ இணையத்தில் பதிந்தால்தான் டோக்கன். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். நாளைக்குப் பன்னிரண்டு பேர். ஒரே முகவரியிலிருந்து நாலைந்து தடவைக்கு மேல் முட்டினால் அந்த முகவரியையே அன்றைக்குப் பூட்டிவிடும்.

எங்கள் தெருவில் ஒன்பது மணிக்குப் பெரிய ஆஸ்பத்திரியை முட்டுபவர்கள் ஆறேழு பேர். ரிட்டயர்டு கண்டக்டர் தன் முழங்காலுக்காக முட்டுவார். ஒருத்தி மாமியாரின் காதுக்காக. ஒன்பது மணி ஒரு நிமிஷத்துக்குத் தெரு முழுக்கப் பூட்டு.

"மொத்தத் தெருவுக்கும் ஒரே டிக்கெட் கிழிச்சிருக்கான். இந்த அநியாயத்தை என் சர்வீஸ்ல பாத்ததில்ல," என்றார் கண்டக்டர். அவருக்கும் டோக்கன் கிடைக்கவில்லை.

எட்டு நாள் இப்படியே போயிற்று.*

* நேரில் போயிருக்கலாமே? போனோம். "ஆன்லைன்ல போடுங்க" என்றார்கள். மொபைல் டேட்டாவில்? அங்கே பாதி ஊரே ஒரு முகவரி. அடுத்த தெருவிலிருந்து? அந்தத் தெருவும் ஒரே ஆள்தான். அக்காவின் ஆபீஸிலிருந்து? அறுநூறு பேர், ஒரே ஆள். அங்கே பூட்டு இன்னும் சீக்கிரம் விழுந்தது.

4

ஒன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை, அக்கா ஆபீஸில் பட்டியலைத் திறந்து எங்கள் தெருவை நான்காவது இடத்தில் போட்டாள். வியாழன் மதியம் எங்கள் தெரு ஆறாம் பதிப்புக்கு மாறியது. வெள்ளி காலை ஒன்பது மணிக்குத் தையல்காரம்மாவின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். திரை ஒருமுறை சுற்றியது. டோக்கன் வந்துவிட்டது.

"ஏழு," என்று படித்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏழுதானே? ஒண்ணு வளைஞ்சு ஏழாத் தெரியலையே?"

ஏழேதான். ஆஸ்பத்திரியில் கண்ணில் ஊசி போட்டார்கள். இருக்கிற பார்வை இனி நிற்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். மெஷின் மறுபடி ஓடுகிறது, கொஞ்சம் மெதுவாக.

இந்த இடத்தில், 'செய்தி கேட்ட அக்கா தேம்பித் தேம்பி அழுதாள்' என்று எழுதியிருந்தேன்.

"நான் எப்படி அழுதேன்?"

"தேம்பித் தேம்பி."

"ஜலதோஷம்டி எனக்கு. அடி அதை."

[அடித்துவிட்டேன். ஆனால் ஜலதோஷம் என்பதையும் நான் நம்பவில்லை.]

மெமோ வந்தது அதற்கு மூன்று வாரம் கழித்து.

6

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவுக்கு முடிவுகளைப் படித்துக் காட்டினேன்.

முதல் முடிவு: தலைமைப் பொறியாளர் கடிதத்தைப் படிக்கிறார், கண் கலங்குகிறார், மெமோவைக் கிழித்துப் போடுகிறார்.

"அவரா? வந்த கவரைப் பிரிச்சுத் திருப்பி ஒட்டி அனுப்பற ஆளு. காகிதத்தைக் கிழிப்பாரா?"

இரண்டாவது முடிவு: அக்காவைச் சஸ்பெண்ட் செய்கிறார்கள். தையல்காரம்மா தலைமையில் நாற்பத்திரண்டு வீடும் ஊர்வலமாகக் கிளம்புகிறது.

"நம்ம தெருவா? மாடிப்படி லைட்டை அணைக்கக்கூட எவனும் எழுந்து வரமாட்டான்."

மூன்றாவதாக எதையும் கற்பனை செய்யவில்லை. நடந்ததை நடந்தபடி கடிதமாக எழுதியிருந்தேன்: கண், டோக்கன், பூட்டு, இரண்டு வாரக் கெடு. நன்றாக வந்திருந்தது, நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. அக்கா இரண்டு தடவை படித்தாள். தாளைக் கீழே வைத்தாள்.

"இதுல அந்தத் தெரு எங்கடி?"

"எந்தத் தெரு?"

"சீட்டுல நாலாவதா வந்த தெரு."

"அஞ்சாவதா போயிருக்கும். ஒரு நாள் தள்ளிப் போனா என்ன?"

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இல்ல. எல்லாரையும் ஒவ்வொரு நாள் தள்ளினா எல்லாருக்கும் தேதி மாறும், யாராவது கேப்பாங்க. அதனால ரெண்டு நம்பரை மட்டும் மாத்திப் போட்டேன். அந்தத் தெரு முப்பத்தொண்ணுக்குப் போயிடுச்சு. இன்னும் பழைய முகவரியிலதான் கிடக்கு."

நான் தாளை எடுத்து மறுபடி பார்த்தேன்.

"அங்கயும் ஒரு நாப்பது வீடு இருக்கும். அதுல ஒரு கண்ணு இருந்திருக்காதா?"

எழுத்தாளர் என்ற முறையில் இதை ஒப்புக்கொள்கிறேன்: அந்த நாற்பது வீடும் என் மனதில் தட்டுப்படவே இல்லை. கதைக்குள் வராதவர்களுக்கு வலி கிடையாது என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். எத்தனை கதைகளில் இப்படிச் செய்தேனோ.

என் பேனாவையே எடுத்து அக்கா நாலு வரி எழுதினாள். 'ஆம், அது நான் குடியிருக்கும் தெரு. ஒரு நோயாளிக்காக மாற்றினேன். நான்காவதாக இருந்த தெருவிடம் கேட்கவில்லை. அதை உடனே மாற்ற அனுமதி வேண்டுகிறேன். என் மீது எடுக்கும் நடவடிக்கையை ஏற்கிறேன்.'

திங்கட்கிழமை கொடுத்தாள். தலைமைப் பொறியாளர் படித்துவிட்டு, கடிதத்தின் பின்பக்கம் காலியாக இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "அந்தத் தெருவை நாளைக்கே மாத்திடுங்க. பட்டியலை இனி நீங்க தொடவேணாம். அடுத்த வாரத்துலேர்ந்து புகார்ப் பிரிவு." அவ்வளவுதான். அவரிடமிருந்து நல்ல வசனமாக ஒன்றை எதிர்பார்த்து ஏமாந்தேன்.

7

இன்று செவ்வாய். மதியம் அந்தத் தெருவும் மாறிவிட்டது. மாலை ஐந்து மணிக்கு அக்கா தலையைச் சீவிக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க?"

"அந்தத் தெருவுக்கு. வீடு வீடா."

"போய்?"

"நான் யாருன்னு சொல்லுவேன். பண்ணினதைச் சொல்லுவேன். இந்த மூணு வாரம் எப்படிப் போச்சுன்னு கேப்பேன்."

"இரு, நோட்டை எடுத்துக்கிட்டு நானும் வரேன்."

"நீ வராத. நீ வந்தா அவங்களையும் கதையாக்கிடுவ."

போய்விட்டாள். அங்கே யாருக்கும் எந்தக் குறையும் இல்லாமல், அவளை உட்காரவைத்து, போனில் எழுத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று கேட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது ஒரு வீட்டில்

[இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமையில்லை.]

எந்தத் தெரு என்று அக்கா என்னிடம் சொல்லவில்லை. வாசகரே, உங்களுடையதாகவும் இருக்கலாம். அப்படியானால் கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்படும். சற்றுப் பருமனான, வேகமாகப் பேசும் ஒரு பெண் நின்றுகொண்டிருப்பாள். "பரவாயில்லைங்க, நல்லாத்தான் போச்சு" என்று மரியாதைக்காகச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள், அதற்குத்தான் வந்திருக்கிறாள். உண்மையிலேயே நன்றாகப் போயிருந்தால், அதையும் அவள் நம்பும்படி சொல்லுங்கள்.

அவள் கேட்டுவிட்டாள். நீங்கள் பேசுங்கள். நான் எழுதவில்லை.