நடுவில் மூன்று பைட்

நொட்டை அண்ணனைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து மேசைக்காரர். யார் புரோகிராம் எழுதினாலும் அதில் ஒரு நொட்டை சொல்லாவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. பட்டப்பெயரும் அப்படி வந்ததுதான்.

ஆஸ்பத்திரி ரத்த வங்கியின் டேட்டாபேஸுக்கு எழுத்து தெரியும், எண் தெரியும், ரத்தம் தெரியாது. அபூர்வமான உட்பிரிவுகளையும் அது புரிந்துகொள்ள வேண்டுமே! அதற்காக அவள் சி மொழியில் ‘ரத்தம்’ என்று ஒரு புதுத் தரவு வகையையே எழுதியிருந்தாள். முதல் பைட்டில் குரூப், அப்புறம் நான்கு பைட்டில் உட்பிரிவு. அவளுடைய அக்காவுக்கும் அப்படியொரு அபூர்வ ரத்தம்தான். நிறைமாதம், அதே ஆஸ்பத்திரியில்தான் பிரசவம். அதற்குள் இதை ஓடவிட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆனால் அண்ணன் சரிபார்த்து ஓகே போட்டால்தான் எதுவும் ஓடும்.

"டெஸ்ட் எல்லாம் பாஸ் அண்ணே. ஓகே போடுங்க."

"உன் மெஷின்ல பாஸ். என் மெஷின்ல உங்க அக்கா ரத்தத்தையே தேடிப் பாரு."

தேடினாள். ‘இல்லை’ என்றது திரை. குளிர்பெட்டிப் பட்டியலிலோ அதே ரத்தம், ஒரே ஒரு பை, கண்ணெதிரே இருந்தது!

"ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே? ஏன் வேறன்னு சொல்லுது?"

"குரூப்புக்கும் உட்பிரிவுக்கும் நடுவுல கம்பைலர் மூணு பைட் இடத்தைக் காலியா விடும். அதையும் சேர்த்து ஒப்பிட்டிருக்க. உன் மெஷின்ல அங்க பூஜ்யம். இங்க யாரோ விட்டுட்டுப் போன குப்பை. வாடகை வீட்டுக்குக் குடிபோனா முதல்ல பெருக்க மாட்டியா?"

மாற்ற வேண்டியது ஒரே வரி. நினைவகத்தை வாங்கும்போதே பூஜ்யமாக்கினாள். பைகளின் விவரத்தை மறுபடி ஏற்றினாள். தேடியது கிடைத்தது. ஓகேவும் கிடைத்தது.

பிரசவத்தன்று அக்காவுக்கு ரத்தப்போக்கு நிற்கவேயில்லை. நர்ஸ் கம்ப்யூட்டரில் தட்டினார். தட்டிய கையோடு, "இருக்கு!" என்று குளிர்பெட்டிக்கு ஓடினார்.

அக்கா கண் திறந்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. வராந்தாவில் நின்று போன் போட்டாள்.

"அண்ணே, பை கிடைச்சுது. தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க. நான் கேட்டப்பவே நீங்க ஓகே போட்டிருந்தா... சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் அண்ணே."

நன்றி வாங்கிப் பழக்கமில்லாத மனிதர், பாவம்.

"சரி, சரி. இருந்தது ஒரே பைதானே? அதுவும் தீர்ந்துபோச்சு. இன்னொண்ணு ஏற்பாடு பண்ணச் சொன்னியா?"

அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"சொல்றேன் அண்ணே. வேற என்ன நொட்டை இருக்கு? சொல்லுங்க, கேக்கறேன்."