கிருபாவதியின் வெள்ளாடு

சர்ச்சில் அறுப்பின் பண்டிகை என்றாலே எனக்கு ஒத்துக்கொள்ளாது. சாப்பாட்டைச் சொல்லவில்லை, ஏலத்தைச் சொல்கிறேன். காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்தவள் நான். பிள்ளைகள்கூட அப்படிப் பீற்றிக்கொள்ள மாட்டார்கள். காணிக்கையாக வந்த ஒரு பூசணிக்காயை மேசைமேல் தூக்கி வைத்து, யார் பேரில் எவ்வளவு என்று மைக்கில் கத்துவார்கள். ஏலத்தில் எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். "மறுபடி சபைக்கே கொடுக்கிறேன்" என்பார். எல்லாரும் கைதட்டுவார்கள். அதே பூசணி மறுபடி மேசை ஏறும். சாயங்காலத்துக்குள் ஊர்க் கையெல்லாம் பட்டுக் காம்பு ஒடிந்து மூலையில் கிடக்கும். அதை யாரும் சமைத்ததாக நான் கேட்டதில்லை.

துடியலூரில் இருக்கிறது எங்கள் சபை. இந்தக் கூத்துக்கு நடுவிலும் உருப்படியான வழக்கம் ஒன்று இருந்தது. வேண்டுதலுக்குப் பொருத்தனை பண்ணி ஆடு கோழியைக் கொண்டுவருகிற ஏழைகள் அதைத் தாங்களே ஏலத்தில் மீட்டுக்கொள்வார்கள். கொண்டுவந்தவர் தன்னால் முடிந்த விலையைக் கேட்பார். வேறு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஏலம் விடுகிறவர் மூச்சு விடாமல் மூன்று தரம் சொல்லி முடித்துவிடுவார். பொருத்தனை தீர்ந்துவிடும், ஆடு வீடு திரும்பிவிடும், சபைக்கும் நாலு காசு சேரும். எங்கேயும் எழுதி வைத்த சட்டம் இல்லை அது. இங்கிதம் தெரிந்தவர்கள் இருந்த காலத்தில் ஏற்பட்டது.

அந்த நம்பிக்கையில்தான் கிருபாவதி தன் வெள்ளாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் புருசன் ஏசுவடியான் இரும்பு உருக்குகிற பவுண்டரியில் வேலை பார்த்தவன். மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவன் எழுந்து வீடு வந்தால் ஆட்டைக் கொடுக்கிறேன் என்று நேர்ந்திருந்தாள். அவன் எழுந்துவிட்டான். ஆனால் பவுண்டரிப் புகைக்குள் இனிமேல் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த வீட்டில் பாலுக்கும் சரி, அவசரக் காசுக்கும் சரி, அந்த ஆடு ஒன்றுதான் கதி. போதாததற்கு அப்போதுதான் இரண்டு குட்டி போட்டிருந்தது.

மாதர் சங்கத்துக் கேக் கடையில் நான் நின்றிருந்தேன். "குட்டிகளை எங்கே அம்மணி விட்டுட்டு வந்தே?" என்று கேட்டேன்.

"கூடைக்குள்ள கவுத்திப்போட்டு வந்தேனுங்க டீச்சர். பால் குடிக்கிற நேரத்துக்குள்ள ஆட்டை ஓட்டிட்டுப் போயிருவேனுங்களே" என்றாள்.

ஆட்டை மேசையருகே நிறுத்தினார்கள். ஏலம் விட்டவர் சபைச் செக்ரட்டரி. கிருபாவதி முந்தானை முடிச்சைப் பிடித்தபடி, "மூவாயிரமுங்க" என்றாள். கூட்டம் வழக்கம்போல அமைதியாக இருந்தது. செக்ரட்டரி "ஒரு தரம்" என்றார். "ரெண்டு தரம்" என்றார். அதோடு நிறுத்தி முன்வரிசையைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று அவரைப் படைத்தவனுக்குத்தான் தெரியும். எனக்கும் தெரியும்.

முன்வரிசையில் ஜேக் உட்கார்ந்திருந்தான். சரவணம்பட்டிப் பக்கம் வில்லா கட்டி விற்கிறவன். எங்கள் சபைக்கு வந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை. அதற்குள் சபையில் இருக்கிற ஃபேன், மைக், சபைப் போதகரான ஆயரின் அறை ஏசி எல்லாவற்றிலும் அவன் பேர் ஒட்டியாகிவிட்டது. ஃபேன் ஓடும்போது பேர் தெரிவதில்லை என்று சுவரிலும் எழுதி வைத்திருக்கிறான்.

"பத்தாயிரம்" என்றான் ஜேக், சிரித்துக்கொண்டே.

கிருபாவதிக்குப் புரியவில்லை. தான் கேட்டது செக்ரட்டரிக்கு மறந்துவிட்டது என்று நினைத்தாளோ என்னவோ, இன்னும் பணிவாக, "மூவாயிரமுங்க" என்றாள் மறுபடியும். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஜேக்குக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அப்ப நான் இருபது" என்றான். தன் விலையைத் தானே ஏற்றிக் கேட்ட தருமவானை அன்றுதான் பார்த்தேன். கைதட்டல் அடங்கவே இல்லை. செக்ரட்டரி மூன்றாம் தரத்தை மைக் அதிர அதிரச் சொன்னார். ஜேக் மைக்கை வாங்கி, ஆட்டை நாளைய அன்பின் விருந்துக்கே கொடுப்பதாகவும், கூட இரண்டு கிடா சேர்த்துத் தருவதாகவும் அறிவித்தான். கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். இதை ஆயர் காதுபடச் சொல்லியிருந்தால் பிள்ளையாரைச் சொன்னதற்குத்தான் கோபப்பட்டிருப்பார்.

நான் கேக்கை அப்படியே போட்டுவிட்டு ஜேக்கிடம் போனேன். அந்த ஆட்டுக்குப் பால்குடிக் குட்டி இரண்டு இருக்கிறது, அது மீட்பதற்கு வந்த ஆடு, விட்டுக்கொடு என்றேன்.

"அப்படியா ஆன்ட்டி? ஒண்ணும் கவலைப்படாதீங்க. அவங்களுக்கு நான் வேற ஆடு வாங்கிக் கொடுக்கிறேன். கிறிஸ்துமஸ் புரோகிராம்ல மேடைக்குக் கூப்பிட்டுக் கொடுத்திடலாம்."

"அவளுக்கு இன்னைக்கு வேணும். இந்த ஆடு வேணும்."

"கொடுத்ததைத் திரும்ப வாங்கினா அவங்களுக்கு ஆசீர்வாதம் போயிடுமே, ஆன்ட்டி." அவன் கேலி செய்யவில்லை. அவள் ஆசீர்வாதத்தின்மேல் உண்மையான அக்கறையோடுதான் சொன்னான்.

ஆயரிடம் போனேன். அவர் என்னைத் தனியாக அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பொது ஏலமுங்க டீச்சர். அந்தத் தம்பி மனசு நோகக் கூடாது. கோபுர வேலை பாதியில நிக்குதுங்களே."

"பால் கொடுக்கிற ஆட்டை யாராச்சும் அறுப்பாங்களா?"

"உற்சாகமாக் கொடுக்கிறவங்களை நாம தடுக்கக் கூடாதுங்க" என்றார். கோபுரம் கட்டி முடிகிறவரைக்கும் அந்த மனுசனுக்கு முதுகெலும்பு வரப்போவதில்லை என்று தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தபோது கிருபாவதியைக் காணோம். வெறுங்கையோடு வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

ஆட்டை ஆயர் வீட்டுப் பின்னால் முருங்கை மரத்தில் கட்டியிருந்தார்கள். கடையைக் கட்டுகிற வரைக்கும் அது கத்தியது. விளக்கு வைக்கிற நேரத்தில் போய்ப் பார்த்தேன். மடி கல்லாக இறுகி, காம்பிலிருந்து பால் சொட்டி மண்ணை நனைத்திருந்தது. எங்கேயோ இரண்டு குட்டிகள் பசியோடு கத்திக்கொண்டிருக்கும். இங்கே மைக்கில் ஜேக்குக்காக விசேஷ ஜெபம் நடந்தது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், முடியவில்லை. கேக் வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து கயிற்றை அறுத்தேன். ஞானஸ்நானம் வாங்கின நாளிலிருந்து நான் செய்த முதல் திருட்டு அது. மனசு கொஞ்சமும் உறுத்தவில்லை.

ஆடு என்னை இழுத்துக்கொண்டு ஓடியது. கிருபாவதியின் வீட்டுச் சந்துக்கு வந்ததும் கையை உதறிவிட்டு முன்னால் பாய்ந்தது. கிருபாவதி ஒரு குட்டியை மடியில் போட்டுப் பஞ்சில் நனைத்த பாக்கெட் பாலை அதன் வாயில் பிழிந்துகொண்டிருந்தாள். ஏசுவடியான் கட்டிலில் சாய்ந்திருந்தான். ஆடு வாசலுக்குள் நுழைந்ததும் இரண்டு குட்டிகளும் மடியை முட்டி முட்டிக் குடித்தன. கிருபாவதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஆயரு கொடுத்தனுப்பினாருங்களா டீச்சர்?"

"ஆமா" என்றேன்.

ஆட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்த கை கயிற்றில் வந்து நின்றது. அறுந்த நுனியை அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அவுத்துக் கொடுத்தனுப்பினா கயிறு ஏனுங்க அறுந்திருக்குது?"

நான் குட்டிகள் பக்கம் குனிந்துகொண்டேன். அவள் கீழே உட்கார்ந்துகொண்டாள்.

"அங்கேயே நெனச்சனுங்க. மீட்டுக்கிட்டு வந்துரலாம்னு கணக்குப் போட்டுத்தானே ஆட்டை ஓட்டிட்டு வந்தேன். அது கொடுத்ததாகுங்களா? சந்தோசமாக் கொடுக்கலையே நான். அதனாலதான் கைய விட்டுப் போயிருச்சு. இப்ப இதையும் திருப்பி வெச்சுக்கிட்டா, இவரு மறுக்காப் படுத்துக்கிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

"கடவுள் அப்படியெல்லாம் பண்ண மாட்டார் கண்ணு."

"சபையில அப்படித்தானுங்களே சொல்றாங்க."

அப்படித்தான் சொல்கிறார்கள். கொடுக்காதவன் வீட்டில் நோய் வரும், சிரிக்காமல் கொடுத்தால் செல்லாது என்று வாராவாரம் சொல்லிச் சொல்லி, ஆண்டவரைக் கந்துவட்டிக்காரனாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். ஏசுவடியானும் "டீச்சர் சொல்றதைக் கேளு புள்ளே" என்றான். அவன் இருமிக்கொண்டே சொன்னான். அந்த இருமலைத்தான் அவள் கேட்டாள், பேச்சைக் கேட்கவில்லை.

விடியற்காலையில் ஆயர் வீட்டில் ஒரே ரகளை என்று செக்ரட்டரி போனில் சொன்னார். ஆட்டைக் காணவில்லை, கறிக்கடைக்காரர் வந்து காத்திருக்கிறார் என்றார். நான்தான் ஓட்டிக்கொண்டு போனேன், என்ன செய்வீர்களோ செய்துகொள்ளுங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்வதற்காகவே சேலையைச் சுற்றிக்கொண்டு போனேன்.

எனக்கு முன்னாலேயே கிருபாவதி அங்கே வந்து நின்றிருந்தாள். கையில் ஆடு. குட்டிகள் வயிறு முட்டக் குடிக்கிறவரை வைத்திருந்து ஓட்டி வந்திருக்கிறாள். மடி வற்றிக் கிடந்தது.

"ராத்திரி கயித்த அறுத்துக்கிட்டு ஊட்டுக்கு வந்துருச்சுங்க" என்றாள் ஆயரிடம். என் பக்கம் திரும்பவே இல்லை. "இப்ப முழுமனசோட கொடுக்கறேனுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் கூடி நின்றவர்களிடமிருந்து கைதட்டல் கிளம்பிவிட்டது. ஆயர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செக்ரட்டரி ஜேக்கைக் கூப்பிட்டு அவளுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஆட்டை நடுவில் விட்டுப் போட்டோ எடுத்தார். "கொஞ்சம் சிரிங்கம்மா, உற்சாகமாக் கொடுத்த முகம் தெரியணும்" என்றார். அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தச் சாவு வீட்டிலும் பார்த்ததில்லை. ஆட்டைத் தர மாட்டேன் என்று நான் கயிற்றைப் பிடித்தேன். "விட்டுருங்க டீச்சர். உங்க கால்ல வேணும்னாலும் உழுகறேன்" என்றாள் கிருபாவதி. விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது. ஆனால் என் கோபத்துக்காக அவளைப் பயத்தில் சாகவிடவும் முடியாதே.

ஆராதனை முடிந்து விருந்து நடந்தது. நான் பந்தியில் உட்காரவில்லை. மாதர் சங்கத்துக்காரி என்பதால் பரிமாறினேன். பிரசங்கத்தில் ஆயர் கிருபாவதியின் பேரைச் சொன்னதால் அவளை ஜேக்குக்கு எதிர் இலையில் மரியாதையாக உட்கார வைத்திருந்தார்கள். அவள் ரசம் சோறு மட்டும் வாங்கிக்கொண்டாள். ஜேக் பிரியாணியைப் பிசைந்து ஒரு துண்டை வாயில் போட்டு மென்றான். ரொம்ப நேரம் மென்றான். பிறகு அதை விரலால் எடுத்து இலை ஓரத்தில் வைத்தான்.

"கிடாக் கறி நல்லா இருக்குது. உங்க ஆடுதான் கொஞ்சம் முத்தல் அக்கா" என்றான் அவளிடம், சிரித்த முகமாக. "அடுத்த வருசம் இளங்குட்டியாப் பார்த்துக் கொண்டாங்க."

கிருபாவதி சோற்றிலிருந்து நிமிர்ந்தாள். "சரிங்க" என்றாள்.

பந்தியில் சாப்பிடுகிறவன் முன்னாலிருந்து இலையை எடுப்பதை எங்கள் ஊரில் பகையாளிக்கும் செய்ய மாட்டோம். நான் பிரியாணி வாளியைக் கீழே வைத்தேன். ஜேக்கின் இலையை, அவன் கை அதில் இருக்கும்போதே, உருவி மடித்தேன்.

"ஆன்ட்டி, நான் இன்னும் முடிக்கல."

"தின்னது போதும்" என்றேன். "எந்திரி."