நாலு டிகிரியில் ஒரு மடி

கால்நடை மருந்தகத்தின் குளிர்பெட்டி நின்றுபோய் ஒன்பது வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஆடுகளுக்கான தடுப்பூசிக் குப்பிகள் எல்லாம் பரண்காரியின் மடியில்தான் இருக்கின்றன. காலையும் மாலையும் டாக்டர் வெப்பமானியை வைத்துப் பார்ப்பார். நாலு டிகிரி காட்டும். மருந்தகம் பூட்டியதும் குப்பிகளைத் துணிப்பையில் போட்டு இடுப்போடு கட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போவாள்.

பரண்காரி என்ற பெயர் சும்மா வரவில்லை. ஈரத்தரையில் படுக்கும் ஆட்டை நோய் சீக்கிரம் பிடிக்கும் என்று இடுப்பு உயரத்துக்குப் பலகைப் பரண் அடித்து, புழுக்கையும் மூத்திரமும் இடுக்கு வழியே கீழே விழும்படி வளர்த்தவள். குட்டி விழுந்த அரை மணிக்குள் சீம்பால் குடிக்க வைப்பாள். குடற்புழு மருந்து தவறாது, குளம்பு வளைவதற்குள் சீவிவிடுவாள், புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று வாரம் தனியே கட்டிப் பார்த்த பிறகுதான் மற்றவற்றோடு சேர்ப்பாள். ஊசி என்றால் வரிசையில் அவள்தான் முதல் ஆள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய அந்தக் கோடையில் மருந்தகத்து ஊசிக்காரருக்கு வேர்த்தது. அறையில் இருந்ததோ ஒரே ஒரு பிளக். குளிர்பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு மேசை விசிறியைச் செருகிக்கொண்டார், நாலு நாள். கெட்டுப்போன அந்த மருந்தைத்தான் அவளுடைய பதினோரு ஆட்டுக்கும் போட்டார். அடுத்த மாதம் ஆட்டுக்கொல்லி வந்தது. காய்ச்சல், மூக்கொழுகல், வாயெல்லாம் புண், கழிச்சல். ஒரே வாரத்தில் பதினொன்றும் போய்ச் சேர்ந்தன.

அவள் போய்க் கேட்டாள். "ஊசியெல்லாம் கரெக்டாதான் போட்டேன். நீங்க வளர்த்த லட்சணம் அப்படி," என்றார் ஊசிக்காரர். டாக்டரும் குனிந்த தலை நிமிராமல் 'பராமரிப்புக் குறைபாடு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். யாரிடம் சொல்கிறார்கள் பாருங்கள், பராமரிப்பைப் பற்றி. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் பேசாமல் பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்து மேசையில் டாக்டரின் டீ ஆறியது, பிறகு உறைந்தது. குளிர்பெட்டியை மறுபடி செருகிப் பார்த்தால் அது ஓடவில்லை. டாக்டர் காரியக்காரர், புதிதாக வந்திருந்த குப்பிகளைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். "அடுத்தவங்க ஆடாவது பொழைக்கட்டும்," என்று அவளும் விட்டுவிட்டாள்.

அப்போது அவள் மகளுக்கு மூன்று வயது. முதல் நாள் மடியில் ஏறிய பிள்ளைக்கு உதடு நீலம் பாரித்து, பல் கிட்டிவிட்டது. அதற்குப் பிறகு அப்பாவோடுதான் தூக்கம். இரண்டாம் வருடம் ஊசிக்காரர் வந்து காலில் விழுந்து, "தப்பு என்னோடதுதான்க்கா," என்று அழுதார். அவள் மனசு என்ன கல்லா? வெப்பமானி ஐந்து காட்டியது, ஆறு, ஏழு. எட்டைத் தாண்டினால் மருந்து கெட்டுவிடும். வரிசையில் நின்ற ஆட்டுக்காரர்கள் அவரைச் சட்டையோடு பிடித்து வெளியே தள்ளினார்கள். "மன்னிப்பெல்லாம் ஊசி போட்டு முடிஞ்சப்புறம் வந்து கேளுய்யா." ஊசி என்றைக்கு முடிந்தது? குட்டிகள் பிறந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்த நோயால் அதற்குப் பிறகு ஒரு ஆடும் சாகவில்லை என்பது உண்மைதான். ஆனால் ஊசி போட்டுக்கொண்டு போகிற ஒவ்வொருவரும், "கோவத்த விட்டுடாதீங்கக்கா," என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வெட்கம் கெட்ட ஜனங்கள்.

புதுப் பெட்டி வருகிற அன்றே ஊசிக்காரரை மன்னித்துவிட்டு, மகளை மடியில் படுக்க வைத்துக்கொள்வது என்று அவள் முடிவு செய்திருந்தாள். வருடம் தவறாமல் தலைமை அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ஒன்பதாவது விண்ணப்பத்துக்குத்தான் பதில் வந்தது. பன்னிரண்டு வயதாகிவிட்ட மகள் மருந்தகத்தில் நின்று அதைச் சத்தமாகப் படித்தாள். மாற்று ஏற்பாடு திருப்திகரமாகவும் மின்செலவு இல்லாமலும் இயங்கி வருவதால் புதிய குளிர்பெட்டி தேவையில்லை என்று இருந்தது. டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகள் இன்னொரு தரம் படித்தாள், இந்த முறை சத்தமில்லாமல். அவள் கையில் இருந்த டம்ளர் தண்ணீர் கட்டியாகிவிட்டது. டம்ளரை வைத்துவிட்டு, அம்மாவின் மடியிலிருந்த குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் அடுக்கினாள். பிறகு அந்த மடியில் ஏறி உட்கார்ந்தாள். பல் கிட்டவில்லை. "சில்லுன்னு இருக்காடி?" என்று அம்மா கேட்டாள். "ஒண்ணும் தெரியலம்மா," என்றாள் மகள். அம்மா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

டாக்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு வெப்பமானியை எடுத்து வந்து மகளின் கையில் வைத்தார். மூன்றரை. குப்பிகளை எடுத்து மகளின் மடியில் அடுக்கிவிட்டு, அடுத்த மாதத்திலிருந்து கோழி மருந்தையும் இங்கேயே அனுப்பலாம், இடம் இருக்கிறது என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினார்.