முதல் குழாய்

அக்காவைக் கட்டிய அத்தான் என்னைப் பூதக்கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார். ஆஸ்பத்திரி லேபில் மைக்ரோஸ்கோப்பே கதியென்று கிடக்கிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்? போன வருஷம் அவருக்கு வேறொருவருடைய நுரையீரலைப் பொருத்தினார்கள். மூச்சு வந்தது, கூடவே கைநடுக்கமும் வந்தது. புது நுரையீரலை உடம்பு எதிர்க்காமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரையின் கைங்கரியம் அது. செல்போன் ரிப்பேர் செய்கிறவருக்குக் கை நடுங்கினால் கடை என்னாவது? பூட்டியே கிடந்தது.

"இந்தத் தடவை ரிப்போர்ட் நல்லா வந்தா மாத்திரையைக் குறைக்கிறேன்னு டாக்டர் சொல்லிட்டார். கொஞ்சம் பாத்து எழுதும்மா" என்றார், பரிசோதனைக்கு உள்ளே போகும்போது.

"நான் என்ன பரீட்சைப் பேப்பரா திருத்துறேன்?" என்றேன்.

சொந்தக்காரர் சாம்பிளை நான் தொடக் கூடாதுதான். அன்றைக்கு லேபில் வேறு ஆளில்லை.

நுரையீரலுக்குள் உப்புநீரைச் செலுத்தி, திரும்ப உறிஞ்சி எடுப்பார்கள். அதில் வரும் செல்களை எண்ணுவது என் வேலை. முதல் குழாயில் வருவது மூச்சுக்குழாயைக் கழுவிய நீர். சளி கலந்து கணக்கைக் கெடுக்கும் என்று அதைக் கொட்டிவிடுவோம். பிறகு வருவதுதான் ஆழத்து நீர். அத்தானின் ஆழத்து நீர் பரம சாதுவாக இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

முதல் குழாயைக் கொட்டப் போனேன். எதையும் நோண்டாமல் விடுகிற ஜென்மம் இல்லை நான். உடம்பு எதிர்க்கும்போது சின்னச் சின்ன மூச்சுக்குழாய்கள்தானே அடைபடுகின்றன? அந்த வழியைத் தொட்டு வந்த நீரை ஏன் யாரும் பார்ப்பதில்லை? கொஞ்சம் எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தேன்.

வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடந்தன. கிருமிக்காக வருகிற வகை இல்லை, அந்நியனை விரட்ட வருகிற வகை. டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"இதை வச்சு யாரும் முடிவு பண்றதில்லையே" என்றார் டாக்டர்.

"தெரியும் சார். பாத்துட்டு சும்மா இருக்க முடியல."

அவரும் ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் நுரையீரலில் சதை கிள்ளிச் சோதித்தார்கள். எதிர்ப்பு தொடங்கிவிட்டது உண்மைதான். மாத்திரை குறையவில்லை, கூடியது.

"உன்னை யாருடி அதை நோண்டச் சொன்னா?" என்று அக்கா போனில் அழுதாள். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

மூன்றாம் நாள் அத்தானே லேபுக்கு வந்தார்.

"குறைச்சிருந்தா நான் காலியாம். டாக்டர் சொன்னார். எங்கே, காட்டு பாக்கலாம்."

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தார். "இத்தனை பேரா?"

"எல்லாம் உங்க ஆளுங்கதான் அத்தான்."

சிரித்தார். கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"எனக்கு முன்னாடி வந்தவங்களோட முதல் குழாய்ல என்ன இருந்துச்சு?"

"கொட்டிட்டோம் அத்தான்" என்றேன்.