அரை நாள் லீவு

சட்டையைக் கழற்றும்படி கலியமூர்த்தி இரண்டாவது தடவை சொன்னபோதுதான் ராஜமாணிக்கத்தின் கை பாக்கெட்டுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்துச் சாவிக்கொத்தில் பட்டது. விடிகாலையில் மனைவியைத் தூக்கி ஆட்டோவில் போட்டபோது, ஆணியில் தொங்கிய சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டு ஏறியிருந்தார். நேற்றுப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போன அதே சட்டை. ஆட்டோ புவனகிரியைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி போடக்கூட வேலை இருக்கவில்லை.

இப்போது விருத்தாம்பாள் கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்ததில், பல்வலிக்காரி மாதிரி இருந்தாள். வாசலில் சாமியானாவுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, சட்டைய கழட்டிட்டு துண்ட போட்டுகினு வந்து ஒக்காருங்க. ஜனங்க வர ஆரம்பிச்சிட்டாங்க" என்றான் கலியமூர்த்தி. இறந்தவளின் தம்பி. அக்கா போன துக்கத்தை ஓடியாடி வேலை பார்த்தே தீர்த்துக்கொண்டிருந்தான்.

"வினோதினி எங்க வராளாம்?"

"புதுச்சத்திரம் தாண்டிட்டாளாம். மாப்ள புள்ளைய கூட்டிகினு பின்னால வராராம். இன்னும் கொஞ்ச நேரத்துல எறங்கிடுவா."

கடலூரில் வாக்கப்பட்டிருக்கும் ஒரே மகள், போனில் அழுகைக்கு நடுவே திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் கேட்டாள். "நேத்தே எதனா சொன்னாங்களாப்பா? நெஞ்சு வலிக்குது, அது இதுன்னு?" அவரும் திரும்பத் திரும்ப ஒன்றைத்தான் சொன்னார். "ஒண்ணும் சொல்லலம்மா. நல்லாத்தான் இருந்தா."

இத்தனை வருஷ வாத்தியார் வேலையில், பொய் சொல்லும் பிள்ளையை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுகிறவர் அவர். போனில் முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று. நேரில் வந்து கேட்பாளே, அப்போது என்ன செய்வது என்பதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நேரம் முதல் அவரை அரித்துக்கொண்டிருந்தது. பெண்டாட்டி கிடக்கிறாள், இவருக்கு இந்தக் கவலை. அதை நினைத்தும் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பட்டம்மாள் தலைவிரி கோலமாக வந்து வாசலில் விழுந்தாள். பள்ளிக்கூடத்துச் சத்துணவு ஆயா. நேற்று நடந்ததைப் பார்த்த பெரிய மனுஷி அவள் ஒருத்திதான்.

"ஒக்கார நேரமில்லாம ஓடினியே டீச்சரம்மா! வலிய வெளிய சொல்லாம வச்சிருந்தியே டீச்சரம்மா!"

ஒப்பாரியில் பெண்கள் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். யார் மானமும் போகலாம், குறுக்கே பேச யாருக்கும் உரிமை கிடையாது. அடுத்த வரி என்ன வரப்போகிறதோ என்று ராஜமாணிக்கம் காத்திருந்தார். பட்டம்மாள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள்.

"சார், புள்ளைங்க கேட்டாண்ட நிக்குதுங்க. அதுங்களுக்கு இன்னும் சேதி தெரியாது. எனக்குச் சொல்ல வாய் வரல. சாவி குடுத்தீங்கன்னா..."

"நானே வரேன்."

"மாமா, என்னா பேசறீங்க?" கலியமூர்த்தி குறுக்கே வந்தான். "யாரயாச்சும் அனுப்பி லீவுன்னு சொல்லிடலாம். பொணத்த போட்டுட்டு ஸ்கூல் தொறக்கப் போறாருன்னு ஜனங்க சிரிக்கும்."

"ஹெச்.எம். நான்தான். நான்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கி நடந்தார். மூங்கில் நட்டுக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திப் பார்த்தார்கள். இந்த ஆள் இப்படித்தான் என்று ஊருக்கே தெரியும்.

அது ஈராசிரியர் பள்ளி. மூன்று, நான்கு, ஐந்து அவருக்கு. ஒன்றும் இரண்டும் விருத்தாம்பாளுக்கு. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் டை கட்டிக்கொண்டு வேன் ஏறி புவனகிரிக்குப் போய்விடுவதால், பள்ளிக்கூடத்துக்கு வருகிறவை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்தான். புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பள்ளிக்கூடத்துக்கு மாற்றலாகி வந்த புதிதில் டீக்கடையில் எவனோ, "இனிமே வூட்டுலயே அட்டண்டன்ஸ் போட்டுக்கலாம், கவர்மெண்ட்டுக்கு பெஞ்சு மிச்சம்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். சொன்னவன் அன்றைக்கே மறந்திருப்பான். ராஜமாணிக்கம் அந்த ஒரு பேச்சை வைத்துக்கொண்டே ஆயுளுக்கும் நாணயஸ்தராக வாழ்ந்தார். மற்றப் பள்ளிகளில் டீச்சர்கள் கேட்டால் கிடைக்கிற சலுகைகள் எதுவும் விருத்தாம்பாளுக்குக் கிடைத்ததில்லை. கொஞ்சம் பிந்தி வந்தால் சிவப்பு மையில் குறித்துவிடுவார். அன்றைக்கு அவள் பிந்தியதே அவர் வேட்டிக்கு இஸ்திரி போட்டதால் இருக்கும்.

பாதி வழியில் வாய்க்கால் மதகு வரும். அதுவரைக்கும் விருத்தாம்பாள் பெண்டாட்டி. அதைத் தாண்டினால் டீச்சர். காலையில் மதகு வரை சேர்ந்து வருவார்கள். பிறகு அவள் முன்னால் போவாள், அவர் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரம் விட்டுப் பின்னால் போவார். ஜோடி போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். சாயங்காலம் அவர் பள்ளியைப் பூட்டிக்கொண்டு வருவதற்குள் அவள் முன்னால் வந்து, மதகுக் கட்டையில் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அங்கிருந்து மறுபடியும் சேர்ந்து போவார்கள். "வாங்க சார், இனிமே நீங்க எம் புருஷன்" என்று கேலி செய்வாள். ஒரு நாளும் அவள் நிற்காமல் போனதில்லை.

நேற்றுக் காலை அடுப்படியில்தான் முதலில் கேட்டாள். "தோள்பட்டயிலேர்ந்து கை வரைக்கும் இழுக்குதுங்க. மத்தியானம் அரை நாள் லீவு குடுத்தா சிதம்பரம் போயி காட்டிட்டு வந்துடுவேன்."

"ஸ்கூல் விஷயத்த ஸ்கூல்ல கேளு" என்றார் அவர். பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

அவள் முறைப்படியே கேட்டாள். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவர் வகுப்பு வாசலில் வந்து நின்று, பிள்ளைகள் எதிரில், அரிசி களைந்துகொண்டிருந்த பட்டம்மாள் எதிரில், "சார், அரை நாள் லீவு வேணும் சார்" என்றாள்.

"வெள்ளிக்கெழம ஏ.இ.ஓ. இன்ஸ்பெக்ஷனுக்கு வராரு டீச்சர். படமெல்லாம் இன்னும் கட்டல. சனிக்கெழம பாத்துக்குங்க."

அவள் முகம் வேர்த்திருந்தது. அதை அவர் பார்த்தார். புரட்டாசிப் புழுக்கம் என்று நினைத்துக்கொண்டார். "சரிங்க சார்" என்று அவள் போய் ஸ்டூலில் ஏறி, பிள்ளைகள் வரைந்த படங்களைத் தலைக்கு மேலே கம்பியில் ஒவ்வொன்றாகக் கட்டத் தொடங்கினாள். சாயங்காலம் வழக்கம்போல் மதகில் காத்திருந்தாள். ராத்திரி ஓமத் தண்ணீர் குடித்தாள். விடிகாலையில் வாசல் தெளிக்கப் போனவள் வாளியோடு விழுந்தாள்.

இன்றைக்கு மதகைத் தாண்டும்போது, பின்னால் வந்துகொண்டிருந்த பட்டம்மாள் மெதுவாகச் சொன்னாள்: "நான் யாராண்டயும் எதுவும் சொல்லல சார்."

சொல்லாதே என்று அவர் கேட்கவில்லை. கேட்கத்தான் வந்தார், ஆனால் கேட்கவில்லை. அவளாகச் சொல்லிவிட்டது, கேட்டு வாங்கியதைவிடக் கேவலமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

கேட்டைத் திறந்ததும் பிள்ளைகள் வழக்கம்போல் அவரை இடித்துக்கொண்டு உள்ளே ஓடின. இப்போதெல்லாம் செயல்வழிக் கற்றல். பிள்ளைகளே ட்ரேயிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் வட்டமாக உட்கார்ந்துவிடும், டீச்சரும் பாயில்தான் உட்கார வேண்டும். முட்டி வலியோடு விருத்தாம்பாள் எப்படி உட்கார்ந்து எழுந்தாள் என்று அவர் யோசித்ததே இல்லை. ஒன்றாம் இரண்டாம் வகுப்பு அறையில் தலைக்கு மேலே படங்கள் காற்றில் ஆடின. மயில், வீடு, கலர் கலராகச் சூரியன். கடைசி வரிசை மட்டும் பாதியில் நின்றிருந்தது. நூல் கண்டு ஸ்டூல் மேல் அப்படியே கிடந்தது.

"டீச்சர் வரலியா சார்?" என்று ஒரு குரல்.

அவர் பிள்ளைகள் எல்லோரையும் அந்த அறைக்குக் கூப்பிட்டார். புதிதாக வேலைக்கு வந்த வாத்தியார்கூடச் செய்யாத தப்பை அப்போது செய்தார். காரணத்தைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று, முதல் வார்த்தையை எளிதான வார்த்தையாக எடுத்தார்.

"புள்ளைங்களா, இன்னிக்கி ஸ்கூல் லீவு."

அவ்வளவுதான். "ஏய்ய்!" என்று கூரை பிய்ந்துகொள்ளும்படி ஒரு கத்தல். அட்டைகள் பறந்தன. "இருங்க, இருங்க" என்ற அவருடைய குரல் யார் காதிலும் விழவில்லை. பைகளை அள்ளிக்கொண்டு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, மடை திறந்தது போல வெளியே ஓடின. "லீவு! லீவு!" என்று வயல் வரப்பெல்லாம் கேட்டது. ராஜமாணிக்கம் ஆடிக்கொண்டிருந்த படங்களுக்குக் கீழே நின்றார். அவளுக்குத் தராத ஒன்றை எவ்வளவு சுலபமாகக் கொடுத்துவிட்டோம் என்று நினைத்தபோதுதான், காலையிலிருந்து வராத அழுகை வந்தது. பட்டம்மாள் அட்டைகளைப் பொறுக்கி ட்ரேயில் அடுக்கினாள். அவரைப் பார்க்காமல் அடுக்கினாள்.

பூட்டிக்கொண்டு வெளியே வரவும் மினி பஸ் வந்து பள்ளிக்கூடத்து வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. வினோதினி ஒரு பையோடு இறங்கினாள். அப்பா இங்கே ஏன் நிற்கிறார் என்று அவள் யோசிக்கவில்லை. ஓடி வந்து அவர் கையைக் கட்டிக்கொண்டு தோளில் முகத்தைப் புதைத்தாள்.

"போயிட்டாங்களேப்பா... ஒரு வார்த்த சொல்லாம போயிட்டாங்களேப்பா. நெசமாவே ஒண்ணும் சொல்லலியா? சொல்லியிருந்தா நான் ஓடியாந்து கூட்டிகினு போயிருப்பேனே."

இப்போது சொல்லிவிடலாம் என்றிருந்தது அவருக்கு. உண்மையாகவே வாயைத் திறந்தார். "அம்மா வந்து, நேத்து..."

"சார்! தட்ட உள்ளயே வச்சிட்டேன் சார்!"

இரண்டாம் வகுப்பு ஜான்சி வயல் பக்கமிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். ஓடின ஓட்டத்தில் ஒரு பக்கத்து ரிப்பன் அவிழ்ந்திருந்தது. லீவு கிடைத்த சந்தோஷம் முகத்தில் இன்னும் அப்படியே இருந்தது. பட்டம்மாள் அவளைத் தடுக்கக் கையை நீட்டினாள். அதற்குள் ஜான்சி அவர் எதிரில் வந்து நின்றுவிட்டாள்.

"சார், டீச்சருக்கும் லீவு குடுத்துட்டீங்களா சார்?"

அவர் மற்றக் கையால் சாவிக்கொத்தை வெளியே எடுத்தார்.

"நேத்து கேட்டாங்கள்ல சார், நீங்க குடுக்கலல்ல. டீச்சரு படம் கட்டவே முடியாம ஸ்டூல்லயே ஒக்காந்துட்டாங்க. கைய புடிச்சிவுடு பாப்பான்னாங்க. நாந்தான் சார் பெல் அடிக்கிற வரைக்கும் புடிச்சிவுட்டேன். சார்கிட்ட சொல்லாதன்னாங்க." சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "இன்னிக்கி குடுத்துட்டீங்களா சார்?" என்றாள் மறுபடியும்.

வினோதினியின் கை அவர் கையிலிருந்து மெல்ல விலகியது. அவள் அவரைப் பார்க்கவில்லை. குனிந்து ஜான்சியின் ரிப்பனைக் கட்டிவிட்டாள். கட்டி முடித்ததும், "எந்தக் கையிம்மா?" என்று கேட்டாள்.

ஜான்சி தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள்.

வினோதினி அந்தச் சின்னக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். ராஜமாணிக்கம் சாவிக்கொத்தைப் பட்டம்மாளிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனார். எட்டி நடந்தால் பிடித்துவிடலாம். ஆனாலும் அந்த இடைவெளியை விட்டேதான் நடந்தார். அவளுக்கும் அம்மாவைப் போலவே இடது பக்கம் லேசாகச் சாய்ந்த நடை. ஊர்ப் பக்கமிருந்து பறைச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. பின்னால் வயல்களிலிருந்து "லீவு" என்ற கத்தல் இன்னும் ஓயவில்லை.

தூரத்தில் மதகு தெரிந்தது. மதகில் நிற்பாள் என்று நினைத்தார்.

வினோதினி மதகைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாள்.