மந்திரிக்காத ஆர்கன்

அப்பாவின் நகக்கண்ணில் காய்ந்திருந்த பசையைச் சகாயராணி வெந்நீர்த் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். தோலைக் காய்ச்சி எடுத்த பசை. லேசில் போகாது.

"வுட்ரு ராணி. ஜெபமாலயச் சுத்திட்டா தெரியாது" என்றாள் அம்மா ரீட்டா.

அப்பா யூஜின் காலையில் டீ டம்ளரைக் கீழே வைத்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். அரியூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சாயந்திரம் நாலு மணிக்கு அடக்கப் பூசை.

பங்குப் பேரவைத் துணைத்தலைவர் அருள்சாமி மாலையோடு வந்தார். மாலையைப் போட்டார், கண்ணைத் துடைத்தார். உட்கார்ந்ததும், "பாட்டுக்கு அன்புராஜ கீபோர்டோட வரச் சொல்ட்டேன்மா" என்றார்.

"கீபோர்டு எதுக்கு மாமா? ஆர்கன் இருக்குதே."

"ஞாயித்துக்கெழம ஆயர் வந்து அத மந்திரிக்கப் போறாரு. மந்திரிக்காத பொருளப் பூசையில எடுக்கக் கூடாது."

தீர்த்தம் தெளித்து ஆசீர்வதிக்காமல் எதையும் எடுக்கக் கூடாதாம். சகாயராணி துணியைக் கிண்ணத்தில் போட்டாள்.

"அன்புராஜ் கீபோர்ட யாரு மந்திரிச்சாங்க?"

அருள்சாமிக்கு அது பிடிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "இன்னாம்மா, புரியாத மாதிரி பேசுற? மொதப் பாட்டே சாவுக்குன்னா நல்லாவா இருக்கும்? அடுத்த மாசம் நாலு கல்யாணம் இருக்குது. பிரான்ஸ்லேருந்து உபயதாரர் வேற வர்றாரு. சாவுல ஆரம்பிச்ச ஆர்கனுக்கு எந்த வூட்டுப் பொண்ணு நடந்து வரும், நீயே சொல்லு."

சிலுவையில் செத்தவரை நடுவில் வைத்துக் கும்பிடுகிற கோயிலில் சாவு அபசகுனமாம். முப்பது வருஷமாகக் கோயில் மாடியில் எலி குடித்தனம் நடத்திய பழைய குழல் வாத்தியம் அந்த ஆர்கன். சென்னையிலிருந்து வந்து பார்த்தவர்கள் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். பதினோரு மாதம் அதற்குள் படுத்துக் கிடந்து, பிய்ந்த துருத்திக்கு ஆட்டுத்தோல் ஒட்டி, நசுங்கிய குழல்களை நிமிர்த்தி, அதற்கு மூச்சு கொடுத்தவர் இதோ ஐஸ் பெட்டியில் படுத்திருக்கிறார். திறப்பு விழா அழைப்பிதழில் உபயதாரர் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அப்பாவுக்குக் கிடைத்தது, 'உள்ளூர்த் தச்சர் ஒருவரால் சீர்செய்யப்பட்ட' என்ற ஒரு வரி. ஒருவராம். யாரென்று ஊருக்கே தெரியாதாம்.

"அப்பா தெனம் தெனம் வாசிச்சுப் பாத்தாரே, அதெல்லாம் மொதல் இல்லையா?"

"அது வேல. இது பாட்டு" என்று எழுந்துகொண்டார் அருள்சாமி. "சாமியார் கிட்டயும் பேசியாச்சு. சண்ட போடாத, அப்பனுக்கு நல்லபடியா செய்யி."

நாலு மணிக்குச் சவப்பெட்டியைக் கோயிலில் பீடத்துக்கு எதிரே இறக்கினார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஊர் எழுந்து நின்றது. அன்புராஜ் கீபோர்டில் ஏதோ ஒரு பொத்தானைத் தட்ட, போன வாரக் கல்யாணத்தில் கேட்ட அதே டக்கு டக்குத் தாளம் கிளம்பியது. பதறி அதை அணைத்தான். மறுபடி தட்டினான், மறுபடியும் அதுவே வந்தது. பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அம்மாவின் கையை விட்டுவிட்டு நேராக மாடிப்படி ஏறினாள்.

மேலே மோட்டார் சுவிட்சைப் போட்டாள். துருத்தி மெல்ல நிமிர்ந்தது. ஆர்கனுக்குச் சுதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே கட்டையை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே நுழைந்து அந்தக் கட்டைக்குரிய குழலைத் தட்டித் தட்டிச் சரிசெய்வார். பதினோரு மாதமும் வேலை விட்டு வந்ததும் கட்டையைப் பிடித்தவள் சகாயராணிதான். உள்ளேயிருந்து அப்பா "உடு" என்றால்தான் விரலை எடுப்பாள்.

இடது கோடியில் இருந்த முதல் கட்டையை அழுத்தினாள். அடித்தொண்டைச் சத்தம் ஒன்று எழுந்து கோயில் முழுக்க நின்றது. கீபோர்டு வாயை மூடிக்கொண்டது. கீழே எல்லாத் தலைகளும் திரும்பின. ரீட்டா மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருள்சாமி மூச்சிரைக்க ஏறி வந்தார். "பாட்டு வாசிக்கக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

"பாட்டு எங்க வாசிக்கிறேன்? சுதி பாக்குறேன். நீங்கதான சொன்னீங்க, அது வேல, இது பாட்டுன்னு." அவள் திரும்பவில்லை. "ஞாயித்துக்கெழம ஆயர் எதுருல அபசுரமா கத்துனா, உள்ளூர்த் தச்சர் ஒருத்தர் சரியாப் பண்ணலன்னுதான சொல்வீங்க."

"இப்பவா பாக்கணும் அத?"

"ஆள் இருக்கும்போதுதான மாமா பாக்கணும். அஞ்சு மணிக்குக் குழியில எறக்கிட்டா அப்பா ஏது?"

அருள்சாமி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுவிட்சைப் பார்த்தார். அவளைத் தாண்டிப் போய் அதை அணைக்க வேண்டும், ஊரே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது.

"எத்தினி நேரமாவும்?"

"ஒவ்வொண்ணா பாக்கணும்."

முதல் கட்டையை அவளாகவே விட்டாள். விரல் அடுத்ததற்கு நகர்ந்தது. அதற்கடுத்தது. கீழே சாமியார் புத்தகத்தை மூடிவிட்டுப் பீடத்தின் பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து ஊரும் உட்கார்ந்தது.

மொத்தம் ஐம்பத்து நான்கு கட்டைகள். அவள் நான்காவதை அழுத்தினாள்.