பிஸ்மி எழுதிய தாள்கள்

கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துத் துழாவிக்கொண்டிருந்தாள் ஷம்சியா. துணிப்பை இல்லை. அடக்கத்துக்கு வாப்பாவைச் சுமந்துபோன சந்தூக்கு தெருமுனை தாண்டி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மய்யித்தைக் குளிப்பாட்டிய தண்ணீர்கூட முற்றத்தில் காய்ந்துவிட்டது. தோஹா வெயில் அப்படி.

சூஃபிகளைப் பற்றி வாப்பா எழுதிய ஆறு புத்தகங்களும் அலமாரியில் இருந்தன. பையில் இருந்தது அவர் அரபியில் எழுதிய நாவல். தோணிச் சமையற்காரன் ஒருவன் இறைவனைத் தேடிப் போகிற கதை. பதினோரு வருட உழைப்பு. பெய்ரூத்துக்கு அனுப்பிய படி, போன வருடச் சண்டையில் அச்சகத்தோடு எரிந்தது. மிஞ்சியது கைப்பிரதி ஒன்றுதான். படியெடுத்துத் தருகிறாயா என்று இரண்டு முறை கேட்டார். பரீட்சை முடியட்டும் என்றாள். முடிந்தது. அந்த வீட்டின் முதல் பட்டமும் வந்தது. படி மட்டும் எடுக்கவில்லை.

"உம்மா, வாப்பாட பை எங்க?"

உம்மா உம்மு ஹானி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே சொன்னாள்: "சித்தீக் மாமாட்ட குடுத்துட்டேன். கிழிஞ்ச குர்ஆன் தாளோட சேத்து மையவாடி ஓரத்துல அடக்கச் சொல்லி."

"எதுக்கு?"

"ஒவ்வொரு தாள் தலைப்புலயும் அல்லாட பேரு சொல்ற பிஸ்மி இருந்திச்சு புள்ள. கால்படுற எடத்துல கெடக்கலாமா?"

காயல்பட்டினத்திலிருந்து வந்த உம்மாவுக்கு அரபு எழுத்து தடங்கலில்லாமல் ஓதவரும்; அர்த்தம் ஒரு சொல் தெரியாது. கணவர் எழுதியதெல்லாம் அவளுக்கு வேதம். இருபத்துமூன்று வருடம் அவருடைய தாள்களை மிதிக்காமல் வீடு பெருக்கினாள்.

"அது கதைம்மா."

தஸ்பீஹ் நின்றது.

ஷம்சியா செருப்பில்லாமல் வாசலுக்கு ஓடினாள். பொம்பளைகள் மையவாடிக்குப் போவதில்லை என்று மாமிமார் தோளைப் பிடித்து இழுத்தார்கள். உதறினாள். அதற்குள் மாமாவே வந்துவிட்டார், முழங்கால்வரை மண்ணோடு.

"வாங்க மாமா, தோண்டி எடுப்போம்."

"ஃகலாஸ், எல்லாம் முடிஞ்சிபோச்சு புள்ள. மண்ணு பறக்குதுன்னு ரெண்டு டின் தண்ணி ஊத்தி மிதிச்சிட்டேன்."

"பிரிச்சுப் பாத்தீங்களா?"

"எனக்கென்ன தெரியும், ஓதுற தாளுன்னுதான்..."

"அர்த்தம் தெரிஞ்சு படிக்கிற ஒருத்திதான் இந்த வீட்டுல இருந்தா. அவளும் தொறந்து பாக்கல," என்றாள் ஷம்சியா.

மாமா காலிப் பையை நீட்டினார். உம்மா வாங்கிப்போய்க் குழாயடியில் உட்கார்ந்தாள். பையின் வாயெல்லாம் வாப்பாவின் விரல் பட்ட மை. கசக்கினாள், பிழிந்தாள், மறுபடி நனைத்தாள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் நீலமாகவே வந்தது.